பென் ரிலேஸில் பக்கத்து இருக்கை ஜமைக்கா அம்மா

பென் ரிலேஸ் என்ற தொடர் ஓட்டப் போட்டிக்குப் போன அனுபவத்தை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, நானே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய பள்ளியின் 4x400 மீட்டர் அணி (நான்கு பேர், ஆளுக்கு 400 மீட்டர்) அங்கே ஓடியது. பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிராங்க்ளின் ஃபீல்டில், ஏப்ரல் கடைசியில் நடக்கும் போட்டி அது. 1895-இல் தொடங்கியது. 2010-இல் உசைன் போல்ட் ஓடிய சனிக்கிழமை மட்டும் 54,310 பேர் கூடியிருக்கிறார்கள். அதே ட்ராக்கில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

என் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. தோளில் ஜமைக்கா கொடி, மடியில் பன்னும் சீஸும் வைத்த டப்பா. ஹார்ட்ஃபோர்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார், தான் படித்த பள்ளியின் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க. 1964-இல் கிங்ஸ்டன் காலேஜ் என்ற ஜமைக்கா உயர்நிலைப் பள்ளியின் பையன்கள் வந்தது முதல் ஜமைக்காப் பள்ளிகள் இங்கே வருகின்றன. என் மகளும் ஓடுகிறாள் என்றதும் பன்னில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டார்.

அப்புறம் எனக்குப் பாடமே எடுத்தார். “ஓடுகிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். நீ காத்து நிற்கிற பிள்ளையைப் பார்” என்றார். அதுவரை நான் கவனிக்காத விஷயம் அது. 4x100-இல் பேட்டனை, அதாவது கைமாற்றும் குச்சியை, வாங்குபவர் திரும்பிப் பார்க்காமலே முழு வேகத்தில் கிளம்பிவிடுவார். 4x400-இல் அது நடக்காது. கொண்டு வருகிற பிள்ளை கடைசி ஐம்பது மீட்டரில் கால் கல்லாகிப்போய்த்தான் வரும். வாங்குகிறவள்தான் பார்த்து, அதன் வேகத்துக்குத் தன் ஓட்டத்தை அளந்து, கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் இன்னொரு கூத்து: வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் 200 மீட்டரைக் கடக்கும்போது யார் முந்தி இருக்கிறார்களோ, அந்த வரிசைப்படிதான் காத்திருப்பவர்களை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நிறுத்துவார்கள்.

மகள் மூன்றாவதாக ஓட வேண்டும். இரண்டு பக்கமும் உயரமான பெண்கள், முழங்கை முழங்கையோடு இடிக்கிறது. அவள் கையை நீட்டினாள், ஆனால் இடுப்பு உயரத்தில். கொண்டு வந்த தோழிக்கு அந்தக் கை சட்டென்று கண்ணில் படவில்லை. அந்த ஒரு தடுமாற்றத்தில் இரண்டு அணிகள் முந்திவிட்டன. பக்கத்து அம்மா எழுந்து நின்று, எங்கள் பள்ளி பனியனின் நிறத்தைச் சொல்லிச் சொல்லி அந்தச் சுற்று முடியும்வரை கத்தினார். தன் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கத்திய அதே குரலில்! மகள் ஒருத்தியைத் திரும்பப் பிடித்துவிட்டாள்.

ஓட்டம் முடிந்து மகள் மேலே வந்ததும், அவர் முதலில் கட்டிக்கொண்டார், பிறகு அவள் கையைப் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். “இங்கே நீட்டு, மகளே. உள்ளங்கை விரிந்து இருக்கட்டும். களைத்து வருகிறவளுக்கு அதுதான் தெரியும்.”

அடுத்த வாரம் மகளே கோச்சிடம் பேசினாள். அதிலிருந்து அவர்கள் பேட்டன் மாற்றும் பயிற்சியை ஆரம்பத்தில் செய்வதில்லை. 300 மீட்டர் ஓட்டங்களெல்லாம் முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் செய்கிறார்கள்.