டோர் பேட் மாற்றியபோது கதவுக்குள் பார்த்தவை

எங்களுடையது 2015 மாடல் ஹேட்ச்பேக், கீழ் வேரியன்ட். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையைத்தான் டோர் பேட் என்பார்கள்; எங்கள் காரில் அது முழுக்க வெறும் பிளாஸ்டிக், கை வைக்கிற இடத்தில்கூடத் துணி கிடையாது. மேடு பள்ளத்தில் ஏறினால் முன்கதவு இரண்டும் கடகடவென்று அடிக்கும். ரெக்சின் போட்டு, சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரையும் மாற்றிவிடலாம் என்று சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன்.

முதலில் விசாரித்த கடையில், பேடைக் கழற்றாமலே மேலே ரெக்சின் ஒட்டித் தருகிறோம், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓரத்தை மடித்துப் பின்னால் ஒட்டாவிட்டால் நம்ம ஊர் வெயிலுக்குப் பசை விட்டு உரிந்துவிடும். கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில் ஒரு அண்ணன் இருந்தார். விலை பேசுவதற்கு முன்பே அவர் கேட்டது, "மழை பெஞ்சா கார்பெட் ஈரமாகுதா சார்?" இடது முன்பக்கம் ஆகிறது என்றேன். "அப்ப அதைப் பாத்துட்டுத்தான் ரெக்சின்" என்றார்.

பேடை எடுக்கும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். கைப்பிடிக்குப் பின்னால் சின்ன மூடிக்குள் ஒரு ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்ட் குழிக்குள் ஒன்று. முதலில் அவற்றைத் தேடி எடுத்தார். இரும்பு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாமல், பிளாஸ்டிக் பட்டையைக் கீழ் ஓரத்தில் கொடுத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்தார். வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. பின்னால் கைப்பிடிக் கேபிளும் பவர் விண்டோ கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளக்) மாட்டியிருக்கும், பேடை ஒரு கையில் தாங்கிக்கொண்டே அவற்றைக் கழற்றினார்.

உள்ளே பார்த்தால், பேடுக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் பாதி கிழிந்து தொங்கியது. முன்பு கண்ணாடி ரிப்பேர் பார்த்த யாரோ கிழித்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். இந்த ஷீட்டுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். மழைத் தண்ணீர் கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்குவது எந்தக் காரிலும் நடப்பதுதான். அது கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். ஷீட் கிழிந்தாலோ அதன் ஓரத்துப் பசை விட்டாலோ, அதே தண்ணீர் பேடை நனைத்துக்கொண்டு கார்பெட்டுக்கு வந்துவிடும். பேடில் அட்டைப் பாகம் இருந்தால் ஊறி உப்பிவிடும், மேலே எவ்வளவு நல்ல ரெக்சின் போட்டும் பயனில்லை. அடி ஓட்டை அடைத்துக்கொண்டால் கதவே கீழிருந்து துருப்பிடிக்கும். எங்கள் கதவில் ஓட்டைகள் மண்ணால் அடைத்திருந்தன. கம்பி விட்டுக் குத்தியதும் கலங்கல் தண்ணீர் கொட்டியது.

வெளித்தகட்டின் உள்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, தகட்டின் அதிர்வை அடக்கும் பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) டேம்பிங் ஷீட்டை ரோலரால் அழுத்தி ஒட்டினார். "முழுசா ஒட்டிடுங்கண்ணே" என்றேன். "தேவையில்லை சார், நடுவுல அதிருற இடம் அடங்கினா போதும்" என்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒட்டினார். தட்டிப் பார்த்தேன், தகரச் சத்தம் போய் டொம் என்று கேட்டது. விலை குறைவு என்று இதற்குப் பதில் தார் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள், வெயிலில் இளகி நாற்றமடிக்கும். கிழிந்த பழைய பிளாஸ்டிக் ஷீட்டை முழுவதும் எடுத்துவிட்டு, தடிமனான புது பிளாஸ்டிக்கை வெட்டி பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டினார்.

ரெக்சின் வேலை வழக்கமானதுதான். மெல்லிய ஃபோம், கறுப்பு ரெக்சின், வளைவுகளில் ஹீட் கன் காட்டி இழுத்து ஓரத்தைப் பின்னால் மடித்து ஒட்டினார். தையல் சுத்தமாக இருந்தது.

மூடுவதற்கு முன் கண்ணாடியை முழுதும் இறக்கி ஏற்றி, ஸ்பீக்கர் காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஹோஸால் கண்ணாடி மேல் தண்ணீர் விட்டு, அடியில் ஒழுகுகிறதா, உள்ளே கசிகிறதா என்று சோதித்தார். உடைந்த கிளிப்களுக்குப் பதில் புதியவை போட்டார். கடகட சத்தத்துக்குப் பாதிக் காரணம் அந்தக் கிளிப்கள்தான் என்பது ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. அடுத்து வந்த மழையில் கார்பெட் நனையவில்லை.

*

மேலே எழுதியவருக்கு நடந்ததைப் போலில்லை, கோவையில் எனக்கு நடந்தது வேறு மாதிரி. என் வண்டியில் சைடு ஏர்பேக் உண்டு. ஒரு கடையில், பெரிய ஸ்பீக்கருக்காகக் கதவின் உள்தகட்டையே வெட்ட வேண்டும் என்று மிஷினை எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த டெக்னீஷியன் பேடைத் தொடும் முன்பே இக்னிஷனை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றி வைத்தார். சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கும் பிரஷர் சென்சார் முன்கதவுக்குள் இருக்கும், கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறுவதை வைத்துத்தான் அது வேலை செய்யும் என்று விளக்கினார். அங்கே புதிதாக ஓட்டை போட்டாலோ, ஷீட்டைச் சரியாக மூடாமல் விட்டாலோ அந்த அழுத்தம் கசிந்துவிடும். உள்ளே அந்த சென்சாரைக் காட்டி, "இந்த லைன்ல கை வைக்க மாட்டேன் சார், இருக்கற எடத்துல உக்கார்ற ஸ்பீக்கரே போடுங்க" என்றார். அதையே போட்டோம். ஒயரையும் வெட்டி முறுக்காமல் கப்ளர் அடாப்டர் வைத்தே இணைத்தார். பாட்டும் நன்றாகவே கேட்கிறது. சைடு ஏர்பேக் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், கதவுக்குள் அந்த சென்சார் இருக்கிறதா என்று, கடைக்காரர் பேடில் கை வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.