ஜிங்க் பிளேட்டிங் கழிவுநீர்: ஃபில்டர் போட்டும் குரோமியம் குறையவில்லை, உதவுங்கள்

கேள்வி:
கீழக்கரை பக்கம் சின்னப் பட்டறை. படகுக்கான போல்ட், கொக்கிகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாகப் பூச்சு) போட்டு, பூச்சு கெடாமல் இருக்க குரோமியக் கரைசலில் முக்கி மஞ்சள் பாசிவேஷன் கொடுக்கிறோம். அலசிய தண்ணீரெல்லாம் ஒரே தொட்டிக்குப் போகிறது. அதில் சுண்ணாம்பு கலந்து, மணல் ஃபில்டர் வழியாகவும், அப்புறம் கரிமூட்டத்தில் வாங்கிய சீமைக்கருவேலக் கரி நிரப்பிய டிரம் வழியாகவும் விடுகிறோம். தெளிவாகத்தான் வருகிறது, ஆனால் லேசான மஞ்சள் போகவில்லை. லேப் ரிப்போர்ட்டில் ஆறு இணைதிறன் குரோமியம் (நச்சு வகைக் குரோமியம்) லிட்டருக்கு 4 மி.கி., ஜிங்க் 11 மி.கி., பிஎச் (அமில-கார அளவு) 11.5. கரியை மாற்றினால் சரியாகுமா? தண்ணீரை வெளியே விடாமல் தேக்கி வைத்திருக்கிறேன். வாய்க்கால் போய்ச் சேரும் கடலில்தான் பெண்கள் பாசி எடுக்க இறங்குகிறார்கள்.

பதில் 1 (பிளேட்டிங் ஃபோர்மன்):
தேக்கி வைத்தது நல்ல காரியம், தம்பி. சயனைடு சேர்த்த பிளேட்டிங் தொட்டி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு அமிலம்கூடப் படக் கூடாது. வரும் வாயு ஆளைக் கொன்றுவிடும். இதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

கேள்வி கேட்டவர்:
சயனைடு இல்லை அண்ணே. அமோனியம் குளோரைடு சேர்த்த அமிலத் தொட்டிதான்.

பதில் 1:
சரி. கரியை மாற்றிப் பயனில்லை. உப்பளத் தண்ணீரைத் துணியில் வடித்தால் உப்பு துணியில் நிற்குமா? கரைந்திருக்கும் உலோகமும் அப்படித்தான். முதலில் அதைத் திடமாக்க வேண்டும், ஃபில்டர் அதற்குப் பிறகுதான். ஆறு இணைதிறன் குரோமியம் சுண்ணாம்புக்குப் படியாது, அந்த மஞ்சளே அதுதான்.

பாசிவேஷன் அலசலைத் தனித் தொட்டிக்குத் திருப்புங்கள். கந்தக அமிலம் விட்டு பிஎச்சை 2.5க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். மஞ்சள் போய் இளம்பச்சை தட்டினால், சுண்ணாம்புக்குப் படியும் மூன்று இணைதிறன் குரோமியமாக மாறுகிறது என்று அர்த்தம். கண்ணை மட்டும் நம்பாமல் டைஃபீனைல் கார்பசைடு சொட்டுவிட்டுப் பாருங்கள், ஊதா வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. கந்தக நெடி மூச்சை அடைக்கும், திறந்தவெளியில் செய்யுங்கள்.

அப்புறம் ஜிங்க் தண்ணீரோடு சேர்த்து, சுண்ணாம்பால் பிஎச் 9க்கு ஏற்றினால் இரண்டும் படியும். 11.5 ரொம்ப அதிகம். அங்கே படிந்த ஜிங்க் திரும்பக் கரைந்துவிடும். நம்மூர் உப்பு போர் தண்ணீரில் மெக்னீசியம் வேறு அதிகம். பிஎச் 10 தாண்டினால் அதுவும் படிந்து, சுண்ணாம்பைத் தின்று, கசடைப் பெருக்கும். கசடைத் திரட்டும் பாலிஎலக்ட்ரோலைட் சிறிதளவு விட்டு நன்றாகத் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் மணல் ஃபில்டருக்கு அனுப்புங்கள்.

பதில் 2:
அமோனியா ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொண்டு படியவிடாது. பிஎச் 9லும் ஜிங்க் இறங்காவிட்டால் காரணம் அதுதான். அமோனியா இல்லாத பொட்டாசியம் குளோரைடு தொட்டிக்கு மாறுவது நிரந்தரத் தீர்வு.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அரசின் பொது வரம்பு, லிட்டருக்கு, கண்மாய், ஆறு என்றால் 0.1 மி.கி., கடலோரத்தில் 1 மி.கி. நீங்கள் 0.1ஐயே வைத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடற்புல்லும் பவளமும் கரையை ஒட்டியே இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
படிகிற கசடை எங்கே கொட்டுவது?

பதில் 1:
எங்கேயும் கொட்டாதீர்கள், மழையில் கரைந்து ஊற்றுத் தண்ணீரில் கலக்கும். உலர்த்தி, மூடிய டிரம்மில், கூரைக்கு அடியில் வையுங்கள். அபாயக் கழிவு எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்திய கரியும் அதே டிரம்முக்குத்தான், அடுப்புக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.