வைக்கிங்கின் கார்பன்-14 சோதனை: பெர்குளோரேட் கிடைத்தபின் முடிவு மாறுகிறதா?

செவ்வாய்ப்பித்தன்:
1976-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் வைக்கிங் 1, 2 கலங்கள் இரண்டிலும், மண்ணில் நுண்ணுயிர் தேடிய கார்பன்-14 சோதனை ‘உயிர் உண்டு’ என்கிற மாதிரிதான் விடை தந்தது. மண்ணில் கரிமப் பொருளே (உயிருக்கு அடிப்படையான கார்பன் சேர்மங்கள்) இல்லை என்று இன்னொரு கருவி காட்டியதால் அதை ஒதுக்கினார்கள். 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டை (குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு) கண்ட பிறகு அந்த மறுப்பு நிற்காது என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், உயிரைக் கண்டுவிட்டோம் என்று சொன்னது சரிதானா?

நுண்ணுயிரி:
மறுப்பு விழுந்தது என்பதால் லெவின் வென்றார் என்று ஆகாது. சோதனை இதுதான்: அரை கன சென்டிமீட்டர் மண், அதன்மேல் 0.115 மில்லி ஊட்டக் கரைசல். ஃபார்மேட், கிளைக்கோலேட், கிளைசின், அலனின், லாக்டேட் எல்லாவற்றிலும் கதிரியக்கக் கார்பன்-14. எதுவோ இவற்றைச் சிதைத்து வாயு விட்டால் கதிரியக்க எண்ணி ஏறும். ஏறியது, அதுவும் உடனடியாக. அதே மண்ணை 160 டிகிரியில் 3 மணி நேரம் சுட்டபின் ஏறவில்லை. 50 டிகிரிச் சூட்டிலேயே பெருமளவு குறைந்தது. உப்பு வகை ஆக்சிஜனேற்றிகள் பல அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதால் லெவினின் வாதத்தில் வலுவான இடம் இதுதான்.

இடறுவது இரண்டாவது ஊசியில். மறுபடி கரைசல் விட்டபோது புது வாயு வரவில்லை. இருந்ததிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஈர மண் உறிஞ்சிக்கொண்டது. உயிருள்ள மண் புது உணவுக்குப் புது வாயு விடும். தீர்ந்துபோகும் வேதிப்பொருள் ஒருமுறைதான் வினைபுரியும்.

உப்புப்படிகம்:
பெர்குளோரேட் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயம் கலந்துவிடுகிறது. கரிமம் தேடிய கருவி மண்ணை 500 டிகிரி வரை சுட்டது. குளிரில் சும்மா கிடக்கும் பெர்குளோரேட் அந்தச் சூட்டில் ஆக்சிஜனை விட்டுக் கரிமத்தை எரித்துவிடும். மிஞ்சுவது குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன். வைக்கிங்கில் இரண்டும் தென்பட்டன, கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று தள்ளிவிட்டார்கள். 2010-ல் நவாரோ-கொன்சாலஸ் குழு சிலியின் அட்டகாமா பாலைவன மண்ணில் மக்னீசியம் பெர்குளோரேட் கலந்து சுட்டபோது இவையே வந்தன. பின்னர் செவ்வாயில் க்யூரியாசிட்டி ஊர்தி குளோரோபென்சீன் என்ற கரிமப் பொருளையும் கண்டது.

ஆனால் கார்பன்-14 முடிவைப் பெர்குளோரேட் நேரடியாக விளக்காது. 10 டிகிரியில் அது வினைபுரியாது, 160-ல் சிதையவும் செய்யாது. இடையில் ஒரு படி வேண்டும். 2013-ல் க்வின் குழு, செவ்வாயில் விழும் கதிர்வீச்சுக்கு ஈடாக, பெர்குளோரேட்மீது காமா கதிர் பாய்ச்சியது: ஹைப்போகுளோரைட் (வெளுப்பான்களில் இருக்கும் ஆக்சிஜனேற்றி) உண்டானது, ஆக்சிஜன் படிகத்துக்குள் சிக்கியது. ஹைப்போகுளோரைட் அலனினைச் சிதைத்துக் கதிரியக்கக் கார்பன் டை ஆக்சைடு விடும். சிக்கிய ஆக்சிஜன் ஈரம் பட்டால் வெளியேறும். வைக்கிங்கின் இன்னொரு சோதனையான வாயுப் பரிமாற்றச் சோதனையில், மண்ணில் ஈரம் பட்டதும் ஆக்சிஜன் வந்ததும் அதனால்தான். இரண்டு புதிருக்கும் ஒரே காரணம் கிடைப்பதால் நான் இந்தப் பக்கம்தான்.

செவ்வாய்ப்பித்தன்:
நன்றி. எப்படிச் சோதித்தால் இது தீரும்?

நுண்ணுயிரி:
கரைசலைப் பிரிக்க வேண்டும். வைக்கிங் அலனினின் எல், டி என்ற இரு வடிவங்களையும் (ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்; பூமியின் உயிர்கள் பெரும்பாலும் எல் வடிவத்தையே நாடும்) கலந்தே ஊற்றியது. ஒரு கலத்தில் எல்-அலனின், இன்னொன்றில் டி-அலனின் மட்டும் ஊற்றினால் ஹைப்போகுளோரைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், வாயு சமமாக ஏறும். ஒரு பக்கம் மட்டும் விரைவாக ஏறினால் வெறும் வேதியியலால் விளக்குவது கடினம். லெவினும் இதைத்தான் வலியுறுத்தினார்.

உப்புப்படிகம்:
ஒன்று சேர்க்கிறேன். பூமியிலிருந்து ஒட்டிப்போன நுண்ணுயிரும் எல் பக்கத்தையே நாடும். மண் போடாத வெற்றுக் கலம் ஒன்றும், 160 டிகிரியில் சுட்ட மண் ஒன்றும் இரு வடிவத்துக்கும் தனித்தனியாக இல்லாவிட்டால் அந்த முடிவையும் நம்ப முடியாது.