கிணற்று நீரும் மீன்தொட்டியும்: யாழ்ப்பாணம் கோண்டாவில் குடும்பக் குழு

தாரணி: சித்தப்பா, மீன்தொட்டியில் பாதித் தண்ணீரை ஞாயிறுதோறும் மாற்றியும் நைத்திரேற்றுச் சோதனையில் சிவப்பு மங்கவில்லை. இன்று தொட்டி நீர் 80 என்றும் கிணற்றிலிருந்து வரும் குழாயில் நேரே பிடித்த நீர் 40 என்றும் காட்டின. எங்கள் கிணற்று நீருக்கு ஆய்வுகூடம் தந்த அறிக்கையிலோ 9 என்றுதான் இருக்கிறது. எதை நம்புவது?

சிவா சித்தப்பா: இரண்டையும் நம்பலாம், தாரணி. ஆய்வுகூடம் நைத்திரேற்றில் அடங்கிய நைதரசனை மட்டும் கணக்கிட்டிருக்கிறது. உன் சோதனைப் பெட்டி முழு நைத்திரேற்றையும் காட்டுகிறது. ஆய்வுகூடத்தின் எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் 9 ஏறத்தாழ 40 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. ஆகவே நம் கிணறு அந்த எல்லைக்கு அருகில் நிற்கிறது.

வசந்தி மாமி: நல்ல தண்ணீர் என்று ஊரே சொல்லும் கிணறு அது, சிவா. அதற்குள் இது எப்படி வந்தது?

சிவா சித்தப்பா: நம் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல், அக்கா. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது நைத்திரேற்றாக மாறுகிறது. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. மழையோடும் இறைப்போடும் அது நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது. வளவுக்கு வளவு இருக்கும் மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. நிறமோ மணமோ சுவையோ இல்லாததால் கண்ணாலும் நாக்காலும் அதைக் கண்டுகொள்ள முடியாது.

வசந்தி மாமி: அப்படியானால் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமே?

சிவா சித்தப்பா: கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும்; நைத்திரேற்று அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். மேல்மாடியில் கைக்குழந்தையோடு குடியிருக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், அக்கா. எல்லையைத் தாண்டிய கிணற்று நீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அது குறைக்கும். மீனைவிட எனக்கு அதுவே பெரிய கவலை.

வசந்தி மாமி: இன்றே சொல்லிவிடுகிறேன்.

தாரணி: கரி வடிகட்டியும் குளோரீன் நீக்கும் மருந்தும் உதவாதா?

சிவா சித்தப்பா: இரண்டும் நைத்திரேற்றைத் தொடுவதில்லை. 80 உள்ள தொட்டியில் பாதியை 40 உள்ள நீரால் மாற்றினால் 60 வரும், மறுமுறை 50 வரும். ஆனால் 40க்குக் கீழே ஒருபோதும் போகாது. மீன்களின் கழிவு கிழமை முழுவதும் அதற்கு மேல் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே தொட்டிக்குள் ஊற்றும் நீரை முதலில் சரிசெய்ய வேண்டும்.

கண்ணன் (லண்டன்): இங்கும் கோதுமை வயல்களின் உரம் சுண்ணப்பாறை வழியாகக் குழாய் நீருக்கு வந்துவிடுகிறது, சித்தப்பா. நான் நீரை நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. கருவி பூட்டியிருக்கிறேன், அது பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது, ஆனால் கிடைக்கும் நீரைவிடக் கழிவாகப் போகும் நீரே அதிகம். உப்புக் கரைசலால் மீண்டும் புதுப்பிக்கக்கூடிய, நைத்திரேற்றைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகளும் கடைகளில் உண்டு. தாரணிக்கு அதை அனுப்பட்டுமா?

சிவா சித்தப்பா: பிசினை நேரத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், தம்பி. சாதாரணப் பிசின் சல்பேற்றைத்தான் முதலில் பிடிக்கும்; நிரம்பிய பின்னும் விட்டுவைத்தால் பிடித்த நைத்திரேற்றையே திரும்ப விட்டுவிடக்கூடும். எனக்கு மழைநீரே மேலாகத் தோன்றுகிறது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். அதில் நைத்திரேற்று மிகக் குறைவு. ஆனால் கனிமமும் இல்லாததால் அதை மட்டும் ஊற்றினால் காரத்தன்மை குறைந்து பி.எச். சரிந்துவிடும். நம் கிணற்று நீரிலோ சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. இரண்டையும் சரிபாதி கலந்தால் நைத்திரேற்று 20 ஆகும், கப்பி மீன்களுக்கு வேண்டிய நீர் வன்மையும் ஓரளவு மிஞ்சும். நம் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

வசந்தி மாமி: பின்விறாந்தை ஓட்டுப் பீலியின் கீழே நீலப் பரல் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவா சித்தப்பா: முதல் மழை ஓட்டைக் கழுவட்டும், அதற்குப் பிறகு பிடியுங்கள். நுளம்பு முட்டையிடாதபடி வாயை வலையால் இறுகக் கட்டுங்கள்.

தாரணி: மழை வரும்வரை என்ன செய்வது, சித்தப்பா?

சிவா சித்தப்பா: கடையில் ஆர்.ஓ. நீர் வாங்கி அதே அளவில் கல. தொட்டியின் பின்பக்கம் மணிப்பிளான்ற் தண்டுகளின் வேர் மட்டும் நீருக்குள் இருக்கும்படி கட்டிவிடு. இலை வெளியே காற்றிலும் வெளிச்சத்திலும் இருப்பதால் அது விரைவாக வளர்ந்து நைத்திரேற்றை உறிஞ்சும். இரை குறைவாகப் போடு. அகற்றும் நீரை வாழைக்கு ஊற்று. அதற்கு அது நல்ல உரம்.

தாரணி: கலந்த நீரை முதல் நாளே பாதிக்கு மாற்றிவிடலாமா?

சிவா சித்தப்பா: வேண்டாம். மீன்கள் இந்த வன்நீருக்குப் பழகியவை. திடீரென்று மென்னீர் வந்தால் நைத்திரேற்றைவிட அந்த மாற்றமே அவற்றைக் கூடுதலாக வாட்டும். முதல் இரண்டு கிழமையும் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாற்று. பிறகு மெல்லக் கூட்டு. ஒவ்வொரு முறையும் கலந்த நீரைச் சோதித்துவிட்டே ஊற்று. சோதனைப் பெட்டியின் இரண்டாவது குப்பியை நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும்.