‘ரென்டியர் ஸ்டேட்’ – ‘புறவார அரசு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

வளைகுடா நாடுகளின் அரசியலைத் தமிழில் எழுத முனைவோர் முதலில் இடறும் சொல் ‘ரென்டியர் ஸ்டேட்’: குடிமக்களின் வரியைவிட, எண்ணெய்ப் பணம் போல வெளியிலிருந்து வரும் வருவாயால் பெரிதும் இயங்கும் அரசு. இதற்குத் தமிழில் ‘வாடகை அரசு’, ‘வாரமுண்ணி அரசு’, ‘எண்ணெய் அரசு’ என்னும் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ‘வாடகை அரசு’ என்பதை ஏற்கத் தயங்குகிறேன். வாடகை வீடு, வாடகைக் கார் என்னும் வழக்குகளில் வாடகைக்கு விடப்படும் பொருளையே அச்சொல் குறிப்பதால், ‘வாடகை அரசு’ என்பதைப் பிறர் பணம் கொடுத்து அமர்த்திக்கொண்ட அரசு என்றே படிப்பவர் கொள்வார். நாம் சொல்ல வந்ததோ வருவாயைப் பெறும் இடத்தில் அமர்ந்திருக்கும் அரசு. ‘வாரம்’ (ரென்ட்) உண்பது என்னும் பொருளில் அமைந்த ‘வாரமுண்ணி அரசு’ இந்தப் பிழையைத் தவிர்க்கிறது. ஆனால் மாட்டின் மேல் ஒட்டும் உண்ணியை நினைவூட்டி, ஆய்வுச் சொல்லை வசைச்சொல்லாக்கிவிடுகிறது.

‘எண்ணெய் அரசு’ எளிமையானது, எனினும் கருத்தைக் குறுக்குகிறது. சூயஸ் கால்வாய்க் கட்டணம் பெறும் எகிப்தையும், வெளிநாட்டு நிதியுதவியைப் பெரிதும் நம்பிய ஜோர்தானையும் ஆய்வாளர்கள் இவ்வகையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். எண்ணெய் வளம் மிக்க நார்வேயோ குடிமக்களிடம் நிறைய வரி வாங்குவதால் இதில் அடங்குவதில்லை.

1970இல் ஈரானைப் பற்றி எழுதிய பொருளியலாளர் ஹொசைன் மஹ்தவி, வெளியிலிருந்து பெருமளவில் தொடர்ந்து ‘ரென்ட்’ (உழைப்பால் அன்றி, ஒரு வளத்தைக் கைக்கொண்டிருப்பதால் வரும் வருவாய்) பெறும் அரசு என்று இதற்கு வரையறை தந்தார். அந்த வருவாயை ஈட்டுவதில் நாட்டு மக்களுள் மிகச் சிலரே ஈடுபடுகிறார்கள் என்பதையும், அதைப் பெறும் முதன்மைக் கை அரசுடையது என்பதையும் 1987இல் எகிப்தியப் பொருளியலாளர் ஹாசிம் பெப்லாவி வலியுறுத்தினார். ஆகவே ‘வெளியிலிருந்து’ என்னும் கூறு சொல்லுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

‘ரென்ட்’ என்பதற்கு நம் பொருளியல் பாடநூல்களில் ‘வாரம்’ என்னும் சொல் நெடுநாளாக உண்டு. ‘ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு’ என்றே மாணவர்கள் படித்திருக்கிறார்கள். இடர்ப்பாடு என்னவென்றால், ‘வார அரசு’ என்று தனியே எழுதினால் வார இதழ்தான் மனத்தில் எழும். இங்கே நம் பழைய நிலவழக்கு கைகொடுக்கிறது. விளைச்சலில் அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ செல்லும் பங்கு மேல்வாரம், உழுபவர் பங்கு குடிவாரம். முன்னொட்டு வந்தவுடன் கிழமைக்கணக்கு மறைந்து பங்குக்கணக்கு தெளிகிறது. மேல்வாரம் நாட்டுக்குள் உழுபவரிடமிருந்து வருவதால், அதையே இங்கு எடுத்தாள முடியாது. அதே அச்சில், புறத்திலிருந்து வருவதைப் ‘புறவாரம்’ என்றும், அதனால் இயங்குவதைப் ‘புறவார அரசு’ என்றும் சொல்லலாம்.

குவைத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தேன். 1910 வாக்கில் ஆட்சியாளர் முபாரக் முத்துக்குளிப்பின் மீது வரியை ஏற்றியபோது, பெருவணிகர் சிலர் தம் ஆட்களோடு வெளியேறிவிட்டனர். அவர் இறங்கிவந்து அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அன்று அரசின் வருவாய் உள்ளிருந்து வந்ததால் வணிகரின் சொல்லுக்கு எடை இருந்தது. 1946இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிய பின், ஆட்சியாளருக்கு அவர்கள் பணம் தேவைப்படவில்லை. அவர்களுக்குத்தான் அரசின் ஒப்பந்தங்கள் தேவைப்பட்டன. உள்வரியிலிருந்து புறவாரத்துக்கு மாறியது என்று எழுதும்போது இந்தத் திருப்பம் முழுவதும் ஒரு தொடரில் அடங்கிவிடுகிறது.

கிளைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன: இந்நிலையைப் ‘புறவாரச் சார்பு’ எனலாம், ஜோர்தான் போன்றவை ‘பகுதிப் புறவார அரசுகள்’. சலுகை தேடி அரசை அண்டும் ‘ரென்ட் சீக்கிங்’ உள்நாட்டிலேயே நிகழக்கூடியது என்பதால், அதை இச்சொல்லோடு கலக்காமல் ‘வாரவேட்டை’ என்று பிரித்துவைக்கப் பரிந்துரைக்கிறேன்.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. சவூதி அரேபியா 2018 ஜனவரியில் 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியைக் கொண்டுவந்து, 2020 ஜூலையில் அதை 15 விழுக்காடாக உயர்த்தியது. எண்ணெய் வருவாய் இன்னும் பெரிதாக இருக்க, வரியும் வளர்ந்துவரும் இத்தகைய நாட்டைப் ‘பகுதி’ என்னும் அடைக்குள் இப்போதே சேர்க்கலாமா, அல்லது ‘தளரும் புறவார அரசு’ போன்ற வேறோர் அடை வேண்டுமா என்பதில் வளைகுடாப் பொருளியலை அறிந்தோர் கருத்தை எதிர்பார்க்கிறேன்.