ஐடிலிங்கில் மட்டும் மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்: அடுத்து எதைச் சோதிப்பது?
அனைவருக்கும் வணக்கம். நான்கு சிலிண்டர் கொண்ட என் பெட்ரோல் கார், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) உதறுகிறது. வேகமெடுத்தால் உதறல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஸ்கேனர் பி0303 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமை).

அதன் இக்னிஷன் காயிலையும் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) ஸ்பார்க் பிளக்கையும் முதலாவது சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தியும் குறியீடு பி0301 (முதலாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்) ஆக மாறவில்லை என்பதால், அவை இரண்டும் சரியாகவே இருக்கின்றன எனக் கருதுகிறேன். கழற்றியபோது அந்தப் பிளக்கின் முனை மட்டும், மற்றவற்றைப் போல இளம்பழுப்பாக இல்லாமல், காய்ந்து வெளுத்திருந்தது; அந்தச் சிலிண்டரில் எரிபொருளைவிடக் காற்று மிகுந்திருப்பதன் அறிகுறியாக இது இருக்கலாம்.

மெக்கானிக், எரிபொருளைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றச் சொல்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இன்ஜெக்டர் அடைத்திருந்தால் லோடு கூடும்போதுதானே கோளாறு அதிகரிக்க வேண்டும்? வேக்குவம் (காற்றை உள்ளிழுக்கும் உறிஞ்சல்) மிகுந்திருக்கும் ஐடிலிங்கில் மட்டும் உதறுவதைப் பார்த்தால், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் (காற்று உள்ளே வரும் குழாய்த் தொகுதியின் இணைப்பை அடைக்கும் தகடு) வழியாக அந்தச் சிலிண்டருக்குள் சென்சாரால் அளக்கப்படாத காற்று நுழையலாம். இல்லையெனில், வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் இடையே விடப்படும் இடைவெளி) குறைந்து, சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுமையாக மூடாமல் இருக்கலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) நான்கிலும் சமமாக இருந்தது, ஆனால் அதை என்ஜின் குளிர்ந்திருந்தபோதுதான் அளந்தார்கள்.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும் என்பதால் இப்போது வண்டியை எடுப்பதில்லை. ஸ்மோக் டெஸ்ட் (புகையைச் செலுத்திக் காற்றுக் கசிவைக் கண்டறிவது), சூடான நிலையில் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி அது எவ்வளவு கசிகிறது என அளப்பது) ஆகிய இரண்டில் எதை முதலில் செய்வது நல்லது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.