டூ-டோன் மூவ்மென்ட் பாக்கெட் வாட்ச்: மறக்க முடியாத ஒண்ணு இருக்கா? சொல்லுங்க

கொலம்பஸ்வாசி

ரொம்ப நாளா இத எங்கயாவது கொட்டணும்னு இருந்தேன். ஓஹையோ கொலம்பஸ்ல ஒரு அடகுக்கடை, தங்கம் விலை ஏற ஆரம்பிச்சதுல இருந்து பழைய ஹண்டர் கேஸ் (டயலுக்கு மேலயும் மூடி இருக்கற வாட்ச் கூடு) எதுவுமே அங்க தங்குறதில்ல, நேரா உருக்கத்தான் போகுது. நான் உள்ள நுழையும்போதே கவுண்டர்ல இருந்தவர் ஒரு 14 காரட் கேஸத் திறந்து ஸ்க்ரூ ரெண்டையும் கழட்டி மூவ்மென்ட்ட, அதாவது உள்ள ஓடுற மெஷின, வெளிய எடுத்துட்டார், எடுத்து பக்கத்துல இருந்த பிளாஸ்டிக் ட்ரேல போட்டார். வைக்கல, போட்டார். அது மத்த மூவ்மென்ட் மேல உரசி விழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

18 சைஸ் கொலம்பஸ். நிக்கல் பிளேட், அதுமேல தங்கத்துல கோலம் போட்ட மாதிரி டமாஸ்கீனிங், டூ-டோன்னு சொல்றது இதத்தான், ட்யூப் லைட் வெளிச்சத்துலயே அப்படி மின்னுச்சு. இந்த ஊர்லயே செஞ்ச வாட்ச்ங்க அது! டீட்ரிஷ் க்ரூன் ஆரம்பிச்ச கம்பெனி, 1903ல ஸ்டூடபேக்கர் குடும்பம் வாங்கி இந்தியானால இருக்கற சவுத் பெண்ட் ஊருக்குக் கொண்டுபோனதோட இங்க கதை முடிஞ்சது. கேஸ் விளிம்புல ஸ்க்ரூ தடம் ஒரே ஒரு ஜோடிதான், அப்படின்னா நூறு வருஷத்துக்கு மேல இது ரெண்டும் பிரியவே இல்ல. உள் மூடியில கல்யாணப் பரிசுன்னு ரெண்டு பேரோட பேரும் பொறிச்சிருந்துச்சு. "ரெண்டையும் சேத்துக் குடுங்க, தங்க விலைக்கு மேலயே தரேன்"னு கேட்டேன். எடை போட்டு ரசீது எழுதியாச்சு, இனி எடுக்க முடியாதுன்னுட்டார்.

மூவ்மென்ட் மட்டும் என்கிட்ட இருக்கு. நல்லா ஓடுது. அந்த ரெண்டு பேரு உலைக்குப் போயிடுச்சு, அத நினைச்சா இப்பவும் கோவமா வருது.

தாமஸ்டன்_பக்கம்

அண்ணே படிக்கும்போதே வயித்த என்னமோ பண்ணுது.

என்னோடது வேற மாதிரி. கனெக்டிகட்ல ஒரு வீட்டு சேல், வயசான அம்மா ஒருத்தங்க தன் தாத்தா வாட்ச்னு மேசை ஓரமா வச்சிருந்தாங்க, விலைச்சீட்டு ஒட்டல. டயல்ல செத் தாமஸ்னு இருந்துச்சு. ரயில்ல வேலை பாத்தவராம், ரயில்வே வாட்ச்னு சொன்னாங்க. பின்மூடி திறந்து பாக்கலாமான்னு கேட்டேன், "அது திறக்காதுப்பா, எங்க அப்பாவே முயற்சி பண்ணாரு"ன்னாங்க. ஸ்க்ரூ பேக் அது, கீல் இருக்காது, நகத்த விட்டு நெம்புனா எப்படித் திறக்கும். உள்ளங்கைய அழுத்தி இடப்பக்கமா திருகினேன், வந்துடுச்சு.

அந்த அம்மா முகத்த நீங்க பாத்திருக்கணும். வாழ்நாள் முழுக்க வீட்ல இருந்த வாட்ச், உள்ள தங்கமும் வெள்ளியும் கலந்த மாதிரி இப்படி ஒண்ணு இருக்குன்னு அப்பதான் பாக்குறாங்க. வெள்ளி இல்லம்மா நிக்கல்னு நான் சொல்றது எதுவும் காதுல விழல. மகள கூப்டு காட்டினாங்க, பேரன கூப்டு காட்டினாங்க. அப்புறம் என் கையில இருந்து வாங்கி மூடி, சேல் மேசைல வைக்கல, ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டாங்க. நான் விலையே கேக்கல, கேக்கவும் தோணல. ஆனா அது என்ன கிரேடு, எத்தனை ஜூவல் (தேய்மானத்தக் குறைக்க உள்ள வைக்கிற கல்) இருக்குன்னு ஒழுங்கா பாக்குற அளவுக்குக் கூட என் கையில இருக்கல பாருங்க, அதுதான் இன்னும் உறுத்துது.

லீவர்செட்

கொலம்பஸ்வாசி ப்ரோ, கோவம் நியாயம்தான், ஆனா "பிரியவே இல்ல"ங்கறத இவ்வளவு புனிதமா எடுத்துக்க வேண்டாம். அந்தக் காலத்துல மூவ்மென்ட் ஒரு கம்பெனி, கேஸ் வேற கம்பெனி. நகைக்கடைக்குப் போனா மூவ்மென்ட்ட தனியா தகர டப்பால இருந்து எடுத்துக் காட்டுவாங்க, அது புடிச்சா அப்புறம் கைல இருக்குற காசுக்கு ஏத்த கேஸ் பாத்து பூட்டித் தருவாங்க. டூ-டோனே அதுக்காகத்தான் வந்தது! மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கப்போற ஒண்ண இவ்வளவு அழகு பண்ணதுக்குக் காரணம், வாங்குறவன் கவுண்டர்ல அத வெறுமனே பாத்துத்தான் முடிவு பண்ணான். 1880கள்ல இருந்து 1900 தாண்டி வரைக்கும் ராக்ஃபோர்ட், இலினாய், செத் தாமஸ், ஹாம்ப்டன், கொலம்பஸ்னு போட்டி போட்டுட்டு செஞ்சாங்க. அதனால பின்னாடி கண்ணாடி வச்ச கேஸ் ஒண்ணு வாங்கிப் பூட்டுங்க, தினமும் பாக்கலாம்.

என் அனுபவம் சின்னது. இலினாய்ல ஒரு ஷோல ராக்ஃபோர்ட் ஒண்ணு, போட்டோல பாதி பிளேட் மங்கலா இருந்துச்சு, வெளிச்சக் குறைவுன்னு நினைச்சு போனேன். நேர்ல பாத்தா யாரோ பாலிஷ் போட்டு தேய்ச்சிருக்காங்க, பேலன்ஸ் (ஆடுற சக்கரம்) பக்கம் தங்கம் இருக்கு, பேரல் (ஸ்பிரிங் இருக்கற டப்பா) பக்கம் வெறும் நிக்கல் பளபளன்னு கண்ணாடியாட்டம் இருக்கு, வடிவமே போச்சு. விக்கிறவர் பெருமையா "க்ளீன் பண்ணது"ன்னார். அந்தத் தங்கம் ரொம்ப ரொம்ப மெல்லிசு, டமாஸ்கீன் கோடும் ஆழம் கிடையாது, ஒரு தடவ தேய்ச்சா திரும்ப வராது.

அதனால புதுசா வாங்கறவங்களுக்காக எழுதுறேன். முதல்ல ஸ்க்ரூ தலையச் சுத்தி பாருங்க, ஸ்க்ரூடிரைவர் வழுக்கின கீறல் அங்கதான் தங்கத்த எடுத்திருக்கும். அடுத்து ஃபுல் பிளேட்டா (மேல பெரிய வட்டப் பிளேட் மூடினது) இருந்தா பேரல் பிரிட்ஜும் மேல் பிளேட்டும் சேர்ற இடத்துல வடிவம் தொடர்ந்து ஓடணும், ஒரு கோடு இந்தப்பக்கம் ஆரம்பிச்சு அந்தப்பக்கம் போய் சேரலைன்னா அந்த பிரிட்ஜ் வேற வாட்ச்ல இருந்து வந்தது, நம்பர் பாக்கக் கூட வேண்டாம். வெறும் விரலால பிளேட்ட தொடாதீங்க, ரேகை நிக்கல்ல அப்படியே பதிஞ்சுடும். துணியால துடைக்காதீங்க, சர்வீஸ்னா முழுசா பிரிச்சு கழுவத் தெரிஞ்சவர்கிட்ட குடுங்க, அவர்கிட்டயும் பிளேட்ட தேய்க்காதீங்கன்னு வாய்விட்டு சொல்லுங்க. லீவர் செட் வாட்ச்ல நேரம் மாத்த கிரீடத்த (சாவி குடுக்கற குமிழ) இழுக்காதீங்க, முன் பெசல (கண்ணாடி வளையத்த) கழட்டி, ஹண்டர்னா முன்மூடியத் திறந்து, லீவர வெளிய இழுக்கணும், இது தெரியாம கிரீடத்த புடிச்சு இழுத்தே உடைஞ்சது எவ்வளவோ. கோல்ட் ஃபில்ட் (வேற உலோகத்து மேல தங்கத் தகடு) கேஸ்ல 20 வருஷம், 25 வருஷம்னு போட்டிருக்கறது தேய்மான கேரண்டி, வாட்ச் வயசு இல்ல. வயசுக்கு மூவ்மென்ட் சீரியல் நம்பர் பாருங்க, கேஸ் நம்பர் உதவாது.

ஸ்காபரோவாசி

நான் கன பேருக்கு சொல்லிப்போட்டன், ஒருத்தருக்கும் விளங்கேல்லை, இஞ்ச உள்ள ஆக்களுக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன்.

ரொறன்ரோவில ஒரு பழம்பொருள் சந்தை. ஹாம்ப்டன் பொக்கெற் மணிக்கூடு ஒண்டு, டயலில வழமையான 12 மணிக்கு உள்ளுக்கு சிவப்பில 13 துவங்கி 24 வரைக்கும். இது கனடா ரயில்காரருக்கு எண்டு வந்த டயல். பின்மூடியைக் கழட்டினால் டூ-டோன், ஒரு கீறல் இல்லை. பேலன்ஸ் மட்டும் ஆடேல்லை. கையில வச்சு மெல்லமாத் திருப்பினனான், ஒரு கணம் ஆடிச்சு, ரெண்டு மூண்டு தரம் அடிச்சுப்போட்டு நிண்டுட்டுது. அவ்வளவுதான். அந்த ரெண்டு மூண்டு அடி என்ரை விரலுக்குத் தெரிஞ்சது. பேலன்ஸ் ஸ்டாஃப் (அந்தச் சக்கரத்தின்ரை அச்சு) முறிஞ்சிருக்கும் எண்டு எனக்குத் தெரியும், செய்விக்கலாம் எண்டும் தெரியும். எனக்கு முன்னால நிண்ட ஒருவர் அதை உதிரிப்பாகத்துக்கு எண்டு காசு குடுத்து வாங்கிக்கொண்டு போட்டார். உதிரிப்பாகத்துக்கு! ஓஹையோ கான்டன் நகரத்தில ஹாம்ப்டன் தொழிற்சாலையே இல்லாமப் போய், மெஷின் எல்லாம் 1930இல சோவியத்துக்குப் போட்டுது. இனி ஆர் செய்யிறது இப்பிடி ஒண்டு?

பதினாறு_சைஸ்

ஸ்காபரோவாசி, நீங்க சொன்ன அந்த ரெண்டு மூணு அடி எனக்குப் புரியுது.

ஆனா லீவர்செட் சொன்னதுல ஒரு விஷயம் தப்பு, கொலம்பஸ்வாசி அத நம்பி காசு செலவு பண்ணிடக் கூடாது. அது ஹண்டர் கேஸ்ல இருந்து வந்த மூவ்மென்ட். ஹண்டர்ல கிரீடம் 3 மணி பக்கம், ஓபன் ஃபேஸ்ல (முன்மூடி இல்லாதது) 12 மணி பக்கம். கண்ணாடி கேஸ் பெரும்பாலும் ஓபன் ஃபேஸுக்குத்தான் வரும், அதுல இத பூட்டினா 12 போய் பக்கவாட்டுல நிக்கும், சைட்விண்டர்னு சொல்றது இதத்தான்.

தாமஸ்டன்_பக்கம், "ரயில்வே வாட்ச்" விஷயத்துல உங்கள குறை சொல்லல, அந்த அம்மாவோட தாத்தா நிஜமாவே ரயில்ல வேலை பாத்திருக்கலாம். ஆனா இந்த வார்த்தைய வச்சு பென்சில்வேனியால ஒரு வியாபாரி என் நண்பர்கிட்ட விலைய ரெண்டு மடங்காக்கினத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பின்மூடில எஞ்சின் படம், உள்ள 15 ஜூவல் டூ-டோன். 1891 ஏப்ரல்ல ஓஹையோல கிப்டன் ரயில் விபத்து, எஞ்சின் டிரைவர் வாட்ச் 4 நிமிஷம் நின்னுபோச்சாம், அதுக்கப்புறம் வெப் பால்ங்கற நகைக்கடைக்காரர் வந்து ரயில்வே வாட்சுக்கு விதி போட்டாருன்னு முழுக் கதையும் சொல்றாரு, கேக்கறவங்க உருகிடுறாங்க. அவர் சொன்ன அதே கதைப்படி பாத்தா அந்த வாட்ச் தேறாது! அந்த விதிகள் கேட்டது குறைஞ்சது 17 ஜூவல், ஓபன் ஃபேஸ், வாரத்துக்கு 30 செகண்டுக்கு மேல தப்பக் கூடாது. படம் எவன் வேணா பொறிக்கலாம், விவசாயியும் எஞ்சின் படம் போட்ட கேஸ் வாங்கினான். டூ-டோன்ங்கறது அழகு, தரத்துக்கு அத்தாட்சி இல்ல. நண்பர் வாங்கிட்டார். வியாபாரி முன்னாடி அவர் கைல வச்சு சந்தோஷமா பாத்துட்டு இருந்த அந்த நிமிஷத்துல நான் எப்படி வாயத் திறக்கறது? அதுதான் எனக்கு இன்னும் ஓயல.

லீவர்செட்

ஹண்டர் மூவ்மென்ட் பாயிண்ட் சரி. ஆனா அழகுக்காக வாங்கறவன தடுக்கத் தேவையில்ல. 15 ஜூவல்ல கூட டமாஸ்கீனிங் அருமையா இருக்கறது நிறைய இருக்கு.

கொலம்பஸ்வாசி

நான் கண்ணாடி கேஸ் தேடல ப்ரோ. 18 சைஸ், ஹண்டர், லீவர் வர்றதுக்கு விளிம்புல வெட்டு இருக்கணும், காயின் சில்வரா இருந்தாலும் பரவாயில்ல, தங்கம் வேண்டாம், திரும்ப யாரும் உருக்கற ஆசையே வரக்கூடாது. காலியான கேஸ் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. ஏற்கனவே மூவ்மென்ட் உள்ள இருக்கறத பிரிச்சு மட்டும் தராதீங்க.